பைரவருக்கு வெறி பிடிக்காது

பென்ஷன் வாங்க ஆரம்பித்த மறு வருஷம் என் வீட்டுக்காரருக்குக் கிருமி மேலிருந்த நம்பிக்கை போய்விட்டது. கடவுள் மேல் நம்பிக்கை போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்சி மேல், பெற்ற பிள்ளை மேல் நம்பிக்கை போனவர்களையும் பார்த்திருக்கிறேன். கிருமி மேல் நம்பிக்கை போன மனுஷனைப் பார்க்க இவருக்குக் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. வேலையில் இருந்த காலம் முழுக்க பேங்க்கில் அடுத்தவன் கையெழுத்தைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவர். செக்கைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அந்த மனுஷன் போனில் வந்து விழுகிற எதையும் ஒரு தரம்கூடத் திருப்பிப் பார்க்காமல் விழுங்கினார்.

நிம்மதி வேண்டுமென்று திருவண்ணாமலைக்கு வந்தோம். அதாவது அவருக்கு வேண்டுமென்று வந்தோம். எனக்கு ஒரு மேஜையும் கரண்டும் இருந்தால் போதும், எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வேன். இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெருவில் கீழ்வீடு கிடைத்தது. அந்தத் தெருவில் கீரை விற்கிறவர்களைவிட நிம்மதி விற்கிறவர்கள் ஜாஸ்தி. மூச்சு விடக் கற்றுத்தருகிறேன் என்று ஒரு போர்டு, பேசாமலிருக்கக் கற்றுத்தருகிறேன் என்று எதிரிலேயே இன்னொரு போர்டு. பிறந்ததிலிருந்து மூச்சு விட்டுக்கொண்டிருப்பவர்கள் வரிசையில் நின்று சேர்ந்தார்கள்.

அப்போது என் கையில் இருந்த வேலை ஒரு தடிமனான புத்தகம். நோய்கள் எங்கிருந்து வருகின்றன என்று மனிதன் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த கதை. காலராவுக்குக் கெட்ட காற்றும், பிள்ளை பெற்றவள் காய்ச்சலில் செத்தால் அவள் தலைவிதியும்தான் காரணம் என்று பெரிய பெரிய டாக்டர்களே அடித்துச் சொன்ன காலத்தில் ஆரம்பிக்கிறது. வியன்னாவில் ஒரு டாக்டர், பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்கப் போகாதீர்கள், கையைக் கழுவிவிட்டுப் போங்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். எங்கள் கையில் அழுக்கா என்று மற்ற டாக்டர்கள் எகிறினார்கள். கடைசியில் அந்த ஆள் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் புண் சீழ்ப்பிடித்துச் செத்தார். அந்த அத்தியாயத்தை மொழிபெயர்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணீரில்லை, எரிச்சல். கையைக் கழுவச் சொன்னதற்கு மனிதன் மனிதனை இந்தப் பாடு படுத்துவானா?

படுத்துவான். எனக்கு எதிரே நாற்காலியில் அதற்கு ஒரு சாட்சி உட்கார்ந்து சுக்குக் காபி குடித்துக்கொண்டிருந்தது.

"நீ எழுதுறது பூராவும் மருந்துக் கம்பெனிக்காரன் கட்டின கதை" என்பார். "கிருமிங்கிறது ஈ மாதிரி. குப்பை இருந்தா ஈ வரும். ஈயா குப்பையைக் கொண்டாந்துச்சு? உடம்பைச் சுத்தமா வச்சுக்கோ, கிருமி உன்னை என்ன பண்ணும்?"

சொந்தச் சரக்கு இல்லை, ஜியின் சரக்கு. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை அலுத்துப்போய் மலையடிவாரத்துக்கு வந்தவர் அவர். வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, வெண்ணெயில் குழைத்த பேச்சு. பக்கத்துக் காப்பிக் கடை மாடியில் காலையில் பாய் விரித்துப் பேசுவார். கேட்க வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார்கள். என் வீட்டுக்காரர் முன்வரிசை. ஒரே ஒருநாள் நானும் போனேன். பேச்சின் உச்சத்தில் ஜி ஒரு கதை சொன்னார். கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று உலகத்துக்கே நிரூபித்தாரே ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி, அவர் சாகும்போது, நான் சொன்னதெல்லாம் தப்பு, கிருமி ஒன்றுமே இல்லை, உடம்பு என்கிற நிலம்தான் எல்லாம் என்று ஒத்துக்கொண்டாராம். மாடியே உச்சுக்கொட்டியது.

வீட்டுக்கு வந்து என் புத்தகத்தில் தேடினேன். கைக்கெட்டிய மற்ற புத்தகங்களிலும் தேடினேன். அந்த மனுஷன் அப்படிச் சொன்னதற்கு உருப்படியான ஆதாரம் ஒன்றும் அகப்படவில்லை.

"எழுதுனவன் மறைச்சிருப்பான்" என்றார் என் வீட்டுக்காரர்.

இவரோடு என்ன பேச? செவிடன் காதில் சங்கு ஊதினாலாவது ஊதுகிறவனுக்கு மூச்சுப் பயிற்சி ஆகும்.

இனி நாய்க்கு வருகிறேன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் ஒரு தள்ளுவண்டி டீக்கடை. நடத்தியவள் நாற்பது வயதுப் பெண். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், ஒரே மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்தால் இருட்டும்வரை நின்றுகொண்டே இருப்பாள். என் வீட்டுக்காரருக்குக் காலை நடை முடிந்ததும் அவள் கையால் சர்க்கரை கம்மியாக ஒரு டீ. பேங்க் மேனேஜர் என்று அவர்மேல் அவளுக்கு அப்படி ஒரு மரியாதை. அவர் கீழே உட்கார்ந்தால் ஓடிவந்து ஸ்டூல் போடுவாள்.

அவள் வண்டிக்கடியில் படுத்திருந்த செம்பட்டை நாய்தான் பைரவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டத்தோடு கூட்டமாக மலையை முழுக்கச் சுற்றி வந்து அதே வண்டிக்கடியில் படுக்கும். யாரோ அதன் நெற்றியில் விபூதி வைத்தார்கள். அடுத்த பௌர்ணமிக்குச் சாமந்தி மாலை வந்தது. அதற்கடுத்த மாதம் அதன் முன்னால் விழுந்து கும்பிட ஆள் வந்தது. பைரவருக்குப் போட பிஸ்கட்டை அவள் கடையிலேயே வாங்கினார்கள். அவளுக்கு வியாபாரம், நாய்க்கு பிஸ்கட், கும்பிட்டவனுக்குப் புண்ணியம். அதுவரைக்கும் யாருக்கு என்ன நஷ்டம்? நானே ஒருநாள் ஒரு பாக்கெட் வாங்கிப் போட்டேன். நல்ல நாய். அதைச் சாமியாக்கியது அதன் குற்றமில்லை.

ஒரு பௌர்ணமி போய் சில நாளில் பைரவர் பிஸ்கட்டைத் தொடவில்லை. வண்டிக்கடியில் இருட்டில் ஒதுங்கியது. குரைத்தால் குரல் உடைந்து வேறு மாதிரி வந்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது. ஊரில் பிறந்த எவனும் இதைப் பார்த்தால் கல்லை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளி நிற்பான். நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? பைரவர் விரதம் இருக்கிறார் என்றாள் டீக்கடைக்காரி. அவளையாவது விடலாம், அவள் அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தவள். ஜி தன் பரிவாரத்தோடு பார்க்க வந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "மௌனத்தில் இருக்கிறார்" என்றார்.

மௌனத்தில் இருந்தவர் மறுநாள் காலை மௌனத்தைக் கலைத்தார். டீக்கடைக்காரி பாலில் நனைத்த பிஸ்கட்டை வாய்க்குள் ஊட்டப் போனாள். உள்ளங்கையில் ஒரே கவ்வு. பக்கத்தில் போட்டோவுக்குச் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த ஜிக்கு வேட்டியோடு சேர்த்துத் தொடையில். எழுந்து ஓடிய என் வீட்டுக்காரருக்குக் கெண்டைக்காலில். மூன்று பேரையும் முடித்துவிட்டு நாய் ஏரிக்கரைப் பக்கம் ஓடிவிட்டது.

அப்புறம் நடந்ததை என் வீட்டுக்காரரே பெருமையாகச் சொன்னார். ஜி கண்ணை மூடி ஒரு நிமிஷம் இருந்துவிட்டு, இது கடியில்லை, தீட்சை என்றாராம். டீக்கடைக்காரி வண்டியில் வைத்திருந்த கோயில் விபூதியை எடுத்து மூன்று பேர் காயத்திலும் அப்பினாளாம். பிரசாதம் பட்ட இடத்தில் தண்ணீர் படக்கூடாது, கழுவினால் அபசாரம் என்று முடிவு செய்தார்களாம். நாய்க்கடிக்கு மிளகாய்த்தூள் வைக்கிற ஊர் இருக்கிறது, சுண்ணாம்பு தடவுகிற ஊர் இருக்கிறது. கடிவாயில் விபூதியை அடைத்துத் தண்ணீர் படாமல் காபந்து பண்ணுகிற புத்தி எங்கள் கூட்டத்துக்குத்தான் வந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, "பைரவர் என்னைத் தொட்டுட்டார்" என்றார்.

"தொட்டாரா, கடிச்சாரா?"

"எல்லாம் நாம பாக்குற பார்வையிலதான் இருக்கு."

வேட்டியைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளைப் பூச்சுக்கு நடுவே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நாய் வீட்டுக்குள் வந்திருந்தால் அதுதான் பயந்து ஓடியிருக்கும். இழுத்துக்கொண்டுபோய்க் கொல்லைக் குழாயடியில் உட்கார வைத்தேன். தண்ணீரைத் திறந்துவிட்டு, துணி சோப்பைப் போட்டுக் கால்மணி நேரம் கழுவினேன். "விபூதியைக் கழுவுறியேடி, விபூதியைக் கழுவுறியே" என்று குழந்தை மாதிரி அரற்றினார்.

"அண்ணாமலையார் கோச்சுக்க மாட்டார். அவருக்கு உங்களைப் பத்தித் தெரியும்" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வாதம் பண்ணவில்லை. மேஜையிலிருந்து நான் மொழிபெயர்த்த தாள்களை எடுத்து உரக்கப் படித்தேன். வெறிநாய் கடித்தவனுக்கு முதலில் கடித்த இடம் குறுகுறுக்கும். அப்புறம் தாகம் எடுக்கும். தம்ளரைப் பார்த்தாலே தொண்டை இறுகிக்கொள்ளும். காற்று பட்டால் துடிப்பான். புத்தி தெளிவாக இருக்கும்போதே இதெல்லாம் நடக்கும். அது ஆரம்பித்துவிட்டால் உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்தில்லை. அதற்கு முன்னால் போய்விட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது தாளுக்கு நான் போகவில்லை. அதற்குள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"உன் மனசு கஷ்டப்படக்கூடாதேன்னு வர்றேன்" என்றார். "யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம்."

அரசு ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசிக்கு என்றே தனி வரிசை இருக்கிறது. இந்த ஊர் நாய்களுக்கும் குரங்குகளுக்கும் அது தேவைதான். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவன் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, மாஸ்க் போட்டு, ஜீன்ஸ் பேன்ட்டும் டி-ஷர்ட்டுமாக நின்றான். ஒரு காலை நொண்டி நொண்டி மாற்றி வைத்தான். ஏதோ சந்தேகத்தில் பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன்.

"ஜி, தீட்சைக்கு அடுத்த கட்டமா?" என்றேன்.

அவர் முகத்தில் மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கொஞ்சமும் சிவந்தது. "நான் இதை நம்பறதில்லை அம்மா. உடம்பை ஒரு சாட்சியா நின்னு கவனிக்கிறேன்."

"நல்லாக் கவனிங்க. நர்ஸம்மா கூப்பிடுறாங்க."

என் வீட்டுக்காரரும் ஜியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. ஒரே சாராயக் கடையில் மாமனாரும் மருமகனும் மாட்டிக்கொண்ட மாதிரி ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள். தொப்புளைச் சுற்றிப் போடுவீர்களா என்று என் வீட்டுக்காரர் நடுங்கிக்கொண்டு கேட்டார். நர்ஸ் சிரித்துவிட்டு, "அதெல்லாம் எந்தக் காலத்துல சார், சட்டைக் கையைச் சுருட்டுங்க" என்று இரண்டு புஜத்திலும் போட்டாள். கடிவாயைச் சுற்றியும் ஒரு மருந்தை இறக்கினாள். அதுவரை சாட்சியாக நின்ற ஜி, "ஐயோ அம்மா" என்று கத்தினது வராந்தாவரை கேட்டது.

வெளியே வந்ததும்தான் எனக்கு உறைத்தது. "கடை வச்சிருக்கிற பொண்ணு எங்கே? அவளுக்கும் கடிதானே?"

இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"அவங்களுக்கு நம்பிக்கை ரொம்ப ஆழமானது" என்றார் ஜி. "அதை நாம தொந்தரவு பண்ணக்கூடாது."

என் வாழ்க்கையில் நான் கேட்ட கேவலமான வாக்கியம் அதுதான். அதற்கு முன்னாலும் பின்னாலும் அதை மிஞ்சி ஒன்று கேட்டதில்லை. ஊசி போட்ட பஞ்சு கையில் காயவில்லை, அவள் நம்பிக்கையைத் தொந்தரவு பண்ணக்கூடாதாம்!

அங்கிருந்து நேரே ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போனேன். கடையில் ஒரே கூட்டம். பைரவர் ஏரிக்கரையில் செத்துக் கிடந்தாராம். அது வெறிநாயா இல்லையா என்று சோதித்துப் பார்க்க வேண்டிய உடம்பை மஞ்சள் பூசி, மாலை போட்டு, வண்டிக்குப் பின்னாலேயே குழி வெட்டிச் சமாதி வைத்துக்கொண்டிருந்தார்கள். சமாதிக்குப் பஞ்சமில்லாத ஊரில் நாய்க்கும் ஒன்று. செங்கல் அடுக்கி, கற்பூரம் ஏற்றி, இனி அதன் வாயைத் திறந்து யாரும் ஒன்றும் கேட்க முடியாதபடி பண்ணிவிட்டார்கள். டீக்கடைக்காரி உள்ளங்கையில் மஞ்சள் துணி சுற்றிக்கொண்டு அழுதுகொண்டே டீ ஆற்றினாள்.

தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நாய்க்கு வெறி, கையில் கடி என்றால் ஆபத்து அதிகம், உடனே ஊசி போட வேண்டும்.

"இன்னாக்கா இப்டி பேசறீங்க" என்றாள். "பைரவருக்கு வெறி புடிக்குமா? முக்தி ஆயிட்டாருக்கா. போறப்போ எங்க மூணு பேரையும் தொட்டுட்டுப் போயிருக்காரு."

"அந்த மத்த ரெண்டு பேரும் இன்னைக்கு ஊசி போட்டுக்கிட்டாங்க, தெரியுமா உனக்கு? நானே கூட நின்னேன்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். திமிராக இல்லை, பரிதாபமாகச் சிரித்தாள். "சாரைப் பத்தி நீங்க எப்பவும் இப்டித்தான் சொல்லுவீங்கன்னு சாரு சொல்லியிருக்காரு. ஊசி மேல அவருக்கு நம்பிக்கையே கெடையாதுக்கா. எனக்கே அவருதான் புரியவச்சாரு. அந்த வெள்ளக்கார டாக்டரு சாவும்போது, நான் சொன்னது எல்லாம் பொய்யின்னு ஒத்துக்கினாராமே?"

நான் மொழிபெயர்த்த புத்தகம் இன்னும் அச்சுக்கே போகவில்லை. ஜியின் பொய் அதற்குள் மலையைச் சுற்றி அடி அண்ணாமலைக்கு வந்து டீக்கடையில் உட்கார்ந்துவிட்டது. அவளுக்கு அந்தப் பிரெஞ்சுக்காரரின் நிஜக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். வெறிநாய் கடித்துக் குதறின ஒரு சிறுவனைத் தாய் இழுத்துக்கொண்டு வந்து அவர் வாசலில் நின்றாள். அவர் டாக்டர்கூட இல்லை, ரசாயனம் படித்தவர். நோயில் செத்த முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, வீரியத்தைக் குறைத்து, மருந்து பண்ணி வைத்திருந்தார். மனிதனுக்குப் போட்டுப் பார்த்ததில்லை. பிள்ளை செத்தால் கொலைகாரன் என்பார்கள். வேறு வைத்தியரைக் கூட வைத்துக்கொண்டு நாளுக்கு நாள் வீரியத்தை ஏற்றிப் போட வைத்தார். பையன் பிழைத்தான். இதில் விசேஷம் என்னவென்றால் அந்தக் கிருமியை அந்த மனுஷன் கடைசிவரை கண்ணால் பார்க்கவே இல்லை. அந்தக் காலத்துப் பூதக்கண்ணாடிக்கு அது அகப்படாது.

எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "டீ போடட்டாக்கா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து அவரைப் பிடித்தேன். "நாளைக்கே போய் நான் போட்டுக்கிட்டேன், நீயும் போட்டுக்கோம்மான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வாயால சொன்னாத்தான் அவ வருவா."

"நான் எப்படிச் சொல்றது? அங்கே எல்லாரும் இருப்பாங்க. ஜி பேரும் கெட்டுப்போகும்."

"அவ செத்துப்போயிடுவா."

"வெறிநாய்னு நிச்சயமா தெரியுமா உனக்கு?"

"நிச்சயமாத் தெரியலைன்னா நீங்க ஏன் போட்டுக்கிட்டீங்க?"

செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அந்த மனுஷன்மேல் எனக்கு வந்த அருவருப்பை இங்கே மழுப்பி எழுத எனக்கு இஷ்டமில்லை. ஒரு பெண்ணின் உயிரை ஒரு தட்டில் வைத்து, காப்பிக் கடை மாடியில் முன்வரிசைப் பாயை இன்னொரு தட்டில் வைத்துப் பார்த்தார். பாய் கனமாக இருந்தது. பயத்தில் ஒரு மனுஷன் கோழையாகலாம், அது மனித சுபாவம். பயம் தீர்ந்த பிறகும் கோழையாக இருந்தவரை நான் அன்றுதான் பார்த்தேன், அவரோடுதான் குடும்பமும் நடத்துகிறேன்.

மறுநாளும் போய் அவளிடம் கெஞ்சினேன். அவள் மகளைப் பார்த்துப் பேசலாம் என்றால் பரீட்சை என்று ஹாஸ்டலில் இருந்தாள். டீக்கடைக்காரியின் கையில் மஞ்சள் துணி அழுக்கேறிக் கிடந்தது. உள்ளே விபூதி கட்டிப்போயிருக்கும். கை குறுகுறுக்கிறதா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் தண்ணீர்த் தம்ளர்தான் தெரிந்தது.

பசுவின் அம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து மனிதனுக்குக் குத்தி, பெரியம்மையைத் தடுக்கலாம் என்று ஒரு இங்கிலீஷ் கிராமத்து டாக்டர் காட்டினார். அப்போது ஜனங்கள் என்ன சொன்னார்கள்? போட்டுக்கொண்டால் உடம்பிலிருந்து மாடு முளைக்கும் என்றார்கள். அதைப் படமாகவே வரைந்து விற்றார்கள். இங்கே அம்மன் கோபித்துக்கொள்வாள் என்றார்கள். கணக்கைக் காட்டியும் காரணம் சொல்லியும் வழிக்கு வராத ஜனம், அரண்மனையில் போட்டுக்கொண்டார்கள் என்றதும் பல ஊர்களில் தானாகக் கையை நீட்டியது. அந்த இடத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. இவளுக்கு விஞ்ஞானி வேண்டாம். இவளுக்கு ராஜா வேண்டும். என் கெட்ட காலம், இவளுடைய ராஜா என் வீட்டில்தான் சுக்குக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தவணை ஊசி அன்று அவரை முன்னாலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஜியும் அதே நாள்தான் வர வேண்டும், ஒரே நாள் ஆரம்பித்தவர்கள். நான் ஆட்டோவை அடி அண்ணாமலைக்கு விட்டேன். கடை முன் இறங்கி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

"சாருக்கு முடியலைம்மா. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. எனக்குத் துணைக்கு இந்த ஊர்ல யாரும் இல்லை."

அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுப்பை அணைத்தாள். கொதித்துக்கொண்டிருந்த பாலை அப்படியே கீழே இறக்கி வைத்தாள். டீக்கு நின்றவர்களிடம், "போய்ட்டு வாங்கப்பா, சாருக்கு ஒடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். வழியெல்லாம் வாய் ஓயவில்லை. "சாருக்கு ஒன்னும் ஆவாதுக்கா, நீங்க அழுவாதீங்க." கடிபட்ட கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மஞ்சள் துணியின் மேல் என் கை இருந்தது. பொய்யை அங்கேயே உடைத்துச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொன்னால் இறங்கிவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊசி அறைக் கதவைத் தள்ளினேன். பெஞ்சில் என் வீட்டுக்காரரும் ஜியும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டு பேரும் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் அப்போதுதான் ஜியின் புஜத்தில் ஊசியை வைத்தாள்.

டீக்கடைக்காரி வாசலிலேயே நின்றாள். முதலில் என் வீட்டுக்காரரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். ஆள் நன்றாக இருக்கிறார் என்று தெரிந்ததும், "அப்பாடா" என்றாள். நிஜமாகவே அப்படித்தான் சொன்னாள். அதற்கப்புறம்தான் சுருட்டிய கை அவள் கண்ணில் பட்டது.

ஜி தொப்பியைத் தேடினார்.

"இன்னா ஜி" என்றாள் அவரிடம். "அந்த வெள்ளக்காரரு சாவும்போதுதான் ஒத்துக்கினாருன்னீங்க. நீங்க அதுக்கு முன்னாடியே வந்துட்டீங்களே."

நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். ஜி உடம்பு, மனம், பயணம் என்று ஏதோ ஆரம்பித்தார். அவள் அதைக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"தெனம் எங்கிட்டதான சார் டீ குடிச்சீங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் என்னைப் பார்த்தார், உதவிக்கு. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நர்ஸ் அவள் கையைக் குழாயடியில் பிடித்து மஞ்சள் துணியை அவிழ்த்தாள். விபூதி சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க வெள்ளையும் சிவப்புமாகக் கரைந்து ஓடியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே அழுதாள். வலிக்கு அழுகிறாளா என்று நர்ஸ் கேட்டதற்கு இல்லையென்று தலையை ஆட்டினாள். கடிவாயில் மருந்தை இறக்கும்போது ஒரு சத்தம் போடவில்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். இன்றும் நின்றுகொண்டேதான் டீ ஆற்றுகிறாள், மகள் காலேஜில் படிக்கிறாள். ஜி சமாதிப் பக்கம் வருவதில்லை, இப்போது வேறு மாடியில் தூக்கத்தைப் பற்றிப் பேசுவதாகக் கேள்வி. என் புத்தகமும் வெளியே வந்துவிட்டது. அதைப் படித்து ஒருத்தர் ஊசி போட்டுக்கொண்டார் என்று எனக்கு இதுவரை தகவலில்லை. அவளோ பௌர்ணமிக்கு வந்து குட்டிநாயிடம் கடிபட்டு நிற்கிறவர்களிடமெல்லாம் கையைக் காட்டி, "ஜியே போட்டுக்கினாரு, உனக்கின்னா?" என்று கேட்டு நேராக ஆஸ்பத்திரிக்குத் துரத்துகிறாள். ஒரு போலியின் சுருட்டிய சட்டைக் கை செய்கிற வேலையை ஒரு மேதையின் ஆயுள் உழைப்பு செய்யவில்லை. இந்த ஜனத்தை நினைத்துச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவளுடைய அடுத்த தவணை ஊசி அன்று என் வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே எழுந்து, குளித்து, சட்டை மாட்டி, தானே ஆட்டோ பிடித்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனார், அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக. போன வேகத்திலேயே தனியாகத் திரும்பி வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"டீ போட்டுக் கொடுத்துச்சு. ஸ்டூல் போட்டுச்சு" என்றார். "ஆட்டோல ஏறச் சொன்னேன். பரவால்ல சார், நான் பஸ்ல போய்க்கிறேன்னு போயிடுச்சு."